என் சொம்பில் எறாவைத் தூக்கிப்போன கேட்பாஸ்

மீன் விற்கக் கடை திறந்துவிட்டு, மீன் வாங்க வந்தவர்களைத் துரத்துவதையே தொழிலாகச் செய்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். மந்தாரக்குப்பம் கேட்பாஸ். அவர் விற்ற மீன்களைவிட, விற்க மாட்டேன் என்று சொன்ன மீன்கள் அதிகம். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் அவரிடம் திட்டு வாங்காத குடும்பம் கிடையாது. நான் வாங்கியது மற்றவர்களைவிடக் கூடுதல். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. பகலில் எங்கள் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளி, மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதே காக்கி பேண்ட், அதே பூட்ஸோடு வந்து கடை ஷட்டரைத் தூக்குவார். சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி ஒரு கடை. இரண்டு பேர் உள்ளே போனால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். விலை எழுதியிருப்பார் என்று கிட்டே போய்ப் பார்த்தால், 'இதை நத்தையோடு மட்டும் விடவும்' என்று எழுதியிருக்கும்.

பெயர் வந்த கதை இது. மைன்ஸுக்குள் போக எங்களைப் போன்ற பெர்மனெண்ட் ஆட்களுக்கு ஐ.டி. கார்டு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேட்பாஸ். அதற்குக் கெடு உண்டு. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். உள்ளே இருந்து ஒரு ஸ்பேனர் ரிப்பேருக்கு வெளியே போனால்கூட அதற்கும் ஒரு கேட்பாஸ், 'திரும்பி வரும்' என்று எழுதி. இந்த மனிதர் அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மீன் தொட்டிக்குள் போட்டுவிட்டார். செர்ரி எறா இருக்கிற தொட்டிதான் அவருக்கு மைன்ஸ். அதற்குள் எந்த ஜீவன் இறங்கினாலும் அவர் நீலப் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பாலிதீன் பையின் கழுத்தில் ரப்பர் பேண்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். கேட்டால் சிரிக்க மாட்டார். எனக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை.

செர்ரி எறா என்றதும் குழம்பை நினைக்காதீர்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். செக்கச் செவேல் என்று இருக்கும். கடிக்காது, கொட்டாது. பாசியில் உட்கார்ந்துகொண்டு, முன்னங்காலால் கண்ணுக்குத் தெரியாத எதையோ பொறுக்கி நாள் முழுக்க வாயில் போட்டுக்கொண்டிருக்கும். வாய் என்று ஒன்று இருக்கிற எல்லா மீனுக்கும் அது பலகாரம்.

என் மனைவி தனத்துக்குக் குக்கர் வாஷர் வாங்கத்தான் அன்றைக்கு மந்தாரக்குப்பம் போனோம். தானே புயல் அடித்துப் போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அவளுக்குக் காடாம்புலியூர். முந்திரித் தோப்புக்கு நடுவில் பத்துப் பேர் சத்தத்தில் வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தபின் சத்தமே இல்லை. நான் ஒரு வாரம் முதல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரண்டாம் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். வீட்டில் இருந்தால் தூங்குவேன். அவள் அந்தக் கடை வாசலில் நின்றவள் நகரவில்லை.

"ஏங்க, இங்க பாருங்களேன். கையை ஆட்டிகினே இருக்குது. நம்மள கூப்புடுற மாரியே இருக்குதுங்க."

"வாங்கிட்டாப் போச்சு," என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், பாருங்கள்.

கடைக்காரர் திரும்பினார். என்னைப் பூட்ஸிலிருந்து தலை வரை பார்த்தார்.

"சார் எந்த ஷிஃப்டு?"

"எதுக்கு?"

"சொல்லுங்க சார். ஷிஃப்டு வூட்ல தான் மீனு சாவுது. நீங்க காலைல வேலைக்குப் போவறப்ப தீனி போடுவீங்க. அம்மா எழுந்து, பாவம் பட்டினியா கெடக்குதுன்னு போடுவாங்க. நீங்க வந்து மறுபடி போடுவீங்க. மனுசன் ஒரு ஷிஃப்டு வேலை செய்யறான், மீனு மூணு ஷிஃப்டும் தின்னுகினு இருக்கும். அப்புறம் தண்ணி கெட்டுப்போச்சு, ஒன் மீனு சரியில்லன்னு என் கடைக்கு வந்து நிப்பீங்க."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. கொசு மருந்து வைப்பீர்களா? தொட்டியில் யார் கை விடுவார்கள்? அந்தக் கையில் சோப்பு இருக்குமா? செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வைப்பீர்களா? செம்பு பட்ட தண்ணீர் எறாவுக்கு ஆகாதாம். எனக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட இத்தனை கேட்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தனம் எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று தலையாட்டினாள். கடைசியில் என்ன கொடுத்தார் தெரியுமா? ஒரு காலித் தொட்டி, ஒரு பிடி பாசி, இரண்டு நத்தை.

"எறா எங்கய்யா?"

"ஒரு மாசம் தண்ணி நிக்கட்டும் சார். தண்ணி பழவணும். வந்து பாத்துட்டுத் தரேன்."

ஒரு மாதம் எங்கள் ஹாலில் வெறும் தண்ணீரை லைட் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிறவன் எல்லாம், "என்ன வளர்க்கறீங்க?" என்று கேட்பான். தண்ணீர் வளர்க்கிறேன் என்று சொல்லத்தான் தோன்றும்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிளில் வந்து இறங்கினார். பையில் பன்னிரண்டு எறா. நேராகத் தொட்டியில் விட மாட்டாராம். பையை ஒரு கிண்ணத்தில் சரித்து, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, எங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்கினார். இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சொட்டை எண்ணினார். சாயங்கால நேரம். கொசு மருந்தை அணைக்கச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் தொடையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டில், என் ஹாலில், என் ரத்தம்.

போகும்போது சீட்டு கொடுத்தார். 'எறா பன்னிரண்டு, பெர்மனெண்ட். நத்தை இரண்டு, பெர்மனெண்ட். வேறு யாருக்கும் அனுமதி இல்லை.'

அதோடு தொல்லை விட்டதா? ஒரு நாள் நான் பெல்ட்டுக்கு அடியில் படுத்து ரோலர் மாற்றிக்கொண்டிருக்கும்போது தனம் போன் செய்தாள். அழுகிறாள். "ஏங்க, ஒண்ணு செத்துப்போச்சுங்க. வெறும் கூடு மாரி கெடக்குதுங்க." நான் வீட்டுக்கு வந்து பார்த்தேன். எறா வடிவத்தில் கண்ணாடி போல ஒன்று அடியில் கிடந்தது. எடுத்து, கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தோம். தனம் ஒரு பூகூடக் கிள்ளிப் போட்டாள். அன்று சாயங்காலம் அந்த மனிதர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். ஆமாம், இன்ஸ்பெக்ஷன். வாரா வாரம் வருவார். யாரும் கூப்பிடவில்லை.

"அது தோலு சார். வளர வளர உரிக்கும். சட்டை மாத்தினதுக்கெல்லாம் கருமாதி பண்ணுவீங்களா?"

"எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அந்தத் தோலைத் தின்னாத்தான் அதுக்கு புதுத் தோலு கெட்டிப்படும். அது திங்க வச்சிருந்த சோத்தக் கொண்டுபோயி பொதைச்சிட்டு வந்து நிக்கிறீங்க. தோண்டுங்க சார்."

தோண்டினேன். பெர்மனெண்ட் ஃபிட்டர் நான். ஒரு கான்ட்ராக்ட் ஆள் இடுப்பில் கை வைத்து நிற்க, எறாத் தோலுக்குக் குழி தோண்டினேன். எதிர் குவார்ட்டர்ஸில் இரண்டு பேர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

சரி, எறா பெருகியது. பன்னிரண்டு, இருபத்தாறு ஆனது. தினமும் காலையில் தனம் எண்ணிச் சொல்வாள். ஒரு பெரிய எறாவின் வயிற்றுக்கடியில் ஒரு நாள் மஞ்சளாகக் கடுகு கடுகாக முட்டைகள். வாலை ஆட்டி ஆட்டி அதற்குக் காற்று காட்டிக்கொண்டே இருந்தது. அது எப்போதும் இடது மூலையில் ஒரு கட்டையின் மேல்தான் உட்காரும். தனம் அதற்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கீரை ஆய்வாள். மாமியாரிடம் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொன்னாள். "இது குட்டி போட்டதும் எங்கம்மாவ வரச் சொல்லிக் காட்டணுங்க," என்பாள். அவளுக்கு அந்த வருஷம் வேறு காத்திருப்பு எதுவும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

என்னோடு ஒரே கேங்கில் வேலை பார்க்கிற ரவீந்திரன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். அவன் வீட்டில் ஏஞ்சல் மீன் வைத்திருக்கிறான். முறம் மாதிரி ஒவ்வொன்றும் விரித்துக்கொண்டு நீந்தும். எங்கள் தொட்டியைக் குனிந்து பார்த்தான். எறாவெல்லாம் பாசிக்குள் இருந்தன.

"என்னடா இது, குளத்துல பாசிதான் இருக்கு. மீனு லீவுல போயிருக்கா?"

சிரித்தான். தனமும் பக்கத்தில் இருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கேட்பாஸ் கடைக்குப் போனேன். பார்வையாக நாலு மீன் வேண்டும் என்றேன்.

"எதுக்குள்ள சார் வுடப் போறீங்க?"

"எறாத் தொட்டியிலதான்."

"கப்பி கேப்பீங்க. கப்பி பெரிய எறாவ ஒண்ணும் பண்ணாது, குட்டிய முழுங்கிடும். அது கான்ட்ராக்ட். குட்டி பொறக்கற வரைக்கும் இருக்கலாம், அப்புறம் வெளிய."

"நியான் டெட்ரா?"

"அதுவும் அப்புடித்தான். மூஞ்சி நல்ல மூஞ்சி. வாயி கெட்ட வாயி."

"கோல்டு ஃபிஷ்?"

"கண்ணுல படற எல்லாத்தையும் தின்னும் சார். அது மீனு இல்ல, குப்பை லாரி."

"ஃபைட்டர்?"

"ஒண்ணு சாதுவா இருக்கும், ஒண்ணு ரவுடியா இருக்கும். உள்ள போனாத்தான் தெரியும். தெரியறப்ப எறா இருக்காது."

"சரிய்யா, ஏஞ்சல் குடு."

அவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அந்தத் தாய் எறா முட்டை வச்சிருக்குது. ஏஞ்சலு கேக்கறீங்க. நீங்க மனுசனா சார்?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "காசு குடுக்கறவன் நானு. உன் சீட்டுக்கு நான் ஏன்யா கட்டுப்படணும்?" என்று கத்திவிட்டு வந்தேன்.

அந்த வாரம் தனம் அவள் தம்பி மகளுக்குக் காது குத்து என்று மூன்று நாள் காடாம்புலியூர் போனாள். பஸ் ஏற்றிவிட்ட கையோடு நான் கடலூர் போய் இரண்டு ஏஞ்சல் வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மைன்ஸில் புதிதாக வருகிறவன் எவனும் முதல் நாள் முறைப்பான். ஒரே கேங்கில் போட்டு ஒரு ஷிஃப்ட் ஒன்றாக வேலை வாங்கினால், ஷிஃப்ட் முடிகிறபோது ஒருத்தனுக்கு ஒருத்தன் டீ வாங்கிக் கொடுப்பான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். மீனும் அப்படித்தானே? ஒரு ஷிஃப்ட் ஒன்றாக இருந்தால் பழகிவிடும். நான் நிஜமாகவே அப்படி நம்பினேன்.

பையைத் தொட்டியில் மிதக்க விட்டிருந்தேன். அப்போதுதான் சைக்கிள் சத்தம். இன்ஸ்பெக்ஷன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மா இல்லிங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. நீ கெளம்புய்யா."

"சார், வேணாம் சார். இந்தத் தொட்டிக்கு இதுங்களுக்குக் கேட்பாஸ் கெடையாது சார்."

"இது என் வீடு. என் தொட்டி. கேட்பாஸ் நான் குடுக்கறேன், போ."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. குளித்துச் சட்டை மாட்ட உள்ளே போனேன். வந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். தரையெல்லாம் தண்ணீர். பாசி கலைந்து கிடந்தது. இடது மூலைக் கட்டை காலி. சமையல் மேடையில் இருந்த சொம்பும் காலி. சொம்பு என்றால் கல்யாணத்துக்கு என் மாமா கொடுத்த எவர்சில்வர் சொம்பு. என் பெயர் வெட்டியது. தொட்டியின் கண்ணாடியில் ஈரத்தோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'வெளியே போகும் பொருள்: முட்டைத் தாய் ஒன்று. மற்ற எறா பத்து. எவர்சில்வர் சொம்பு ஒன்று. காரணம்: உள்ளே ஆபத்து. திரும்பி வரும்.' கீழே கையெழுத்து.

என் வீட்டில் திருடிவிட்டு எனக்கே ரசீது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் பையை அவிழ்த்து ஏஞ்சலை உள்ளே விட்டேன். பார்க்கலாம், யார் சொல்வது சரி என்று.

அடுத்த நாள் காலையில் ஏழெட்டு எறா தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நாள் பாசியை முழுக்க அலசிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏஞ்சல் இரண்டும் வயிறு புடைத்துக்கொண்டு என்னையே பார்த்தன. அடுத்த பந்தி எப்போது என்று கேட்கிற மாதிரி.

தனம் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டி முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள். எண்ண எதுவும் இல்லை.

"உன் கேட்பாஸ் அண்ணன்தான் திருடிக்கினு போயிட்டான்! தாயும் போச்சு, சொம்பும் போச்சு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். பிறகு ஏஞ்சலைப் பார்த்தாள். அவர் எடுத்தது பதினொன்று, மீதி பதினைந்து எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. "சாப்பாடு", "சாவி", "போன்". ஒரு வார்த்தைக்கு மேல் இல்லை.

அந்தச் சீட்டை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். திருட்டு திருட்டுதானே?

"என்ன போச்சு?" என்றார் ரைட்டர்.

"எறா சார்."

"எத்தனை கிலோ?"

"கிலோ இல்ல சார். பதினொண்ணு."

"பதினொரு கிலோவா!"

"பதினொரு எறா சார். ஒரு சொம்பு."

"ஒரு சொம்பு அளவு எறாவா?"

"இல்ல சார், சொம்பு தனி."

அவர் பேனாவை மூடினார். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அதான் திரும்பி வரும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கானே. வரும், போங்க," என்றார். வாசல் தாண்டும்வரை பின்னால் சிரிப்புச் சத்தம்.

கடைக்குப் போனேன். சட்டையைப் பிடிக்கிற மாதிரிதான் போனேன்.

"என் எறாவக் குடுய்யா."

"இப்பக் கெடையாது சார்."

"என்னது!"

"ஏஞ்சலு ரெண்டும் வெளிய போவணும். பாதித் தண்ணி மாத்தணும். கட்டையத் தேய்ச்சிக் கழுவணும், சோப்பு போடக் கூடாது. குட்டி பொரிச்சு, ஓரளவு கெட்டிப்பட்டதும் நானே கொண்டாந்து வுடறேன்."

"என் எறாவுக்கு நீ கண்டிஷன் போடறியா?"

"உங்க எறாவா சார்? அம்மாவோட எறா."

எனக்கு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் மைன்ஸ் கேட்டில் அவரைப் பார்த்தேன். கான்ட்ராக்டர் மாறிவிட்டார். புது கான்ட்ராக்டர் லிஸ்ட் கொடுக்கும்வரை பழைய ஆட்களுக்குக் கேட்பாஸ் இல்லை. பத்துப் பதினைந்து பேர் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவர். இதே கேட்டில் எத்தனையோ வருஷமாக அதே மண்வெட்டி. கான்ட்ராக்டர் மட்டும் மாறுவார். நான் ஐ.டி. கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போகிறவன், நின்று திரும்பினேன். சும்மா போயிருக்கலாம்.

"என்னய்யா, ஊருக்கெல்லாம் கேட்பாஸ் எழுதுவே. உனக்கு இல்லையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வரும் சார். லிஸ்ட்டு வரணும்," என்றார். பிறகு, "ஏஞ்சல வெளிய எடுத்துட்டீங்களா?" என்றார்.

வேலையில் கை ஓடவில்லை அன்றைக்கு. ஒரு போல்ட்டை மூன்று தடவை கீழே போட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஏஞ்சல் இரண்டையும் வாளியில் பிடித்து ரவீந்திரன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். இரண்டே நாளில் என் ஏஞ்சல் அவன் ஏஞ்சலின் துடுப்பையெல்லாம் கிழித்துவிட்டது. ஏஞ்சலுக்கு ஏஞ்சலே ஆகாதாம். அதற்கப்புறம் அவனும் என்னோடு பேசுவதை நிறுத்தினான். தண்ணீர் மாற்றினேன். கட்டையைச் சோப்பு இல்லாமல் தேய்த்தேன். தனம் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நல்லா தேய்ங்க," என்றாள். மூன்று வார்த்தை. எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுபடியும் ஹாலில் வெறும் தண்ணீர். மறுபடியும் வருகிறவன் எல்லாம் கேட்டான். ஒரு மாதத்துக்கு மேலே ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிள். ஹேண்டில்பாரில் என் சொம்பு. வாயைப் பாலிதீனால் கட்டி ஓட்டை போட்டிருந்தார். சாம்பல் போட்டு விளக்கியிருந்தார்போல, என் பெயர் பளிச்சென்று தெரிந்தது. தனம் ஓடி வந்து இரண்டு கையாலும் வாங்கினாள். எட்டிப் பார்த்தாள். மற்ற பத்தோடு தாய் இருந்தது. அதைச் சுற்றிச் சின்னதாக, ஊசி முனை அளவுக்குக் கண், நூல் அளவுக்கு உடம்பு. முப்பதோ நாற்பதோ. தாய் மாதிரியே ஒவ்வொன்றும் கையை ஆட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் என்னை "ஏங்க" என்று கூப்பிட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

நானே கொசு மருந்தை அணைத்தேன். நானே குழாயில் முடிச்சுப் போட்டேன். இரண்டு மணி நேரம் மூன்று பேரும் தொடையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டில் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. "லிஸ்ட் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துச்சு சார். இந்தத் தடவ பேரு இருந்துச்சு."

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சீட்டு எழுதினார். தனத்திடம்தான் கொடுத்தார். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பிடுங்கிப் படித்தேன்.

'தாய், பெர்மனெண்ட். குட்டிகள், பெர்மனெண்ட். மற்ற எறா பத்து, பெர்மனெண்ட். நத்தை இரண்டு, பெர்மனெண்ட். வீட்டம்மா, பெர்மனெண்ட். வீட்டுக்காரர், கான்ட்ராக்ட். ஆறு மாதம். நடத்தை பார்த்துப் புதுப்பிக்கப்படும்.'

என் வீட்டில் நான் கான்ட்ராக்ட்! நத்தை பெர்மனெண்ட், நான் கான்ட்ராக்ட்! "யோவ்!" என்று வாசலுக்கு ஓடினேன். சைக்கிள் முனை திரும்பிவிட்டது.

ஆறு மாதமும் நான் ஒழுங்காக இருந்தேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் கை விட்டேன். ஷிஃப்ட் மாறினாலும் தீனி ஒரு வேளைதான். இன்ஸ்பெக்ஷனுக்கு வரும்போதெல்லாம் கட்டையைக் காட்டி, பாசியைக் காட்டி, "எப்படி?" என்பேன். "பாப்போம் சார்," என்பார். அவ்வளவுதான்.

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது மைன்ஸில் மறுபடி கான்ட்ராக்டர் மாறினார். லிஸ்ட் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. நான் யார் யாரிடமோ போய்ப் பேசிப் பார்த்தேன். "அவர் பேர் என்ன சார்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஓடிப் போய்க் கடையில் கேட்டு வரலாம் என்று போனால், ஷட்டர் மூடியிருந்தது. ஓசூர் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே ஏதோ கம்பெனியில் வேலை என்றார் சைக்கிள் கடைக்காரர். இருந்த எறாவையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சீட்டு எழுதி விட்டுவிட்டுத்தான் போனாராம். போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எங்கள் தொட்டியில் நூறுக்கு மேல் இருக்கும். போன மாதம் ரவீந்திரன் வந்தான். கோபமெல்லாம் போய்விட்டது. பத்து எறா கொடு என்றான். ஏஞ்சலை வெளியே அனுப்பிவிட்டாயா, கொசு மருந்து என்ன வைக்கிறாய், எந்த ஷிஃப்டில் யார் தீனி போடுவது என்று நான்தான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

அவனுக்கு ஒரு சீட்டும் எழுதினேன். நீலப் பென்சில்தான். எல்லாம் எழுதிவிட்டேன், கையெழுத்துதான் போடவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. என் கேட்பாஸும் கெடு முடிந்து கிடக்கிறது, இந்த வீட்டில் நான் எந்தச் சீட்டில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. புதுப்பிக்க வேண்டிய ஆள் நீர்தான், கேட்பாஸ். சொம்பும் விளக்கியே வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுத் தொலையும் ஐயா, உம்முடைய பெயரையும் சொல்லிவிட்டுப் போம்.